லேபிள் தங்கையன்

தங்கையனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எங்கள் லேப்பில் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அவனிடம் திட்டு வாங்காதவர் அங்கே ஒருவரும் கிடையாது. அதிகமாக வாங்கியவன் நான்தான். என் பெயர் லியாகத் அலி. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் இருந்த ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் வேன் ஓட்டினேன். தங்கையன் பெட்டி கட்டுவான், நான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அவன் செத்து மூன்று வருடம் ஆகிறது. அவன் செய்த ஒரு காரியத்தையும் அதில் எனக்கு இருந்த பங்கையும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் லேப்பில் செய்ய முடியாத சோதனைகள் பெங்களூருக்கோ மும்பைக்கோ போகும். சில சாம்பிள்களைச் சும்மா அனுப்பினால் வழியிலேயே கெட்டுவிடும். கல்லாக உறைந்த நிலையிலேயே போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் ட்ரை ஐஸ். நம் ஊர்க் கடையில் விற்கிற ஐஸ் இல்லை இது. கரியமில வாயுவை அழுத்தி உறைய வைத்த வெள்ளைக் கட்டி. வெறும் கையால் தொட்டால் தோல் கொப்பளித்துவிடும். உருகித் தண்ணீராகாமல், புகைந்து புகைந்து காணாமல் போய்விடும். திருச்சியில் ஒரு கம்பெனியிலிருந்து வாங்கி வருவோம். விமானத்தில் ஏற்றுகிற சரக்கு என்பதால் இதற்கு ஆயிரம் விதிமுறை. அத்தனையும் தங்கையனுக்கு மனப்பாடம்.

தெர்மோகோல் மூடியைச் சுற்றிலும் டேப் போட்டு அடைக்கக்கூடாது, வாயு வெளியே போக வழி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி வெடிக்கும். ஐஸ் குறையக் குறைய உள்ளே இருக்கிற குப்பி உருண்டுவிடாதபடி முட்டுக் கொடுக்க வேண்டும். வெளியே அட்டைப்பெட்டியின் ஒரே பக்கத்தில் எல்லா லேபிளும் வர வேண்டும். சாய்சதுரமாக ஒன்று, மேல்பாதியில் கறுப்புக் கோடுகளும் கீழ் மூலையில் 9 என்ற எண்ணும் இருக்கும். அபாயச் சரக்கில் ஒன்பதாவது வகை என்று அர்த்தம். பக்கத்திலேயே ட்ரை ஐஸ் என்ற பெயர், அதற்குரிய 1845 என்ற எண், உள்ளே எத்தனை கிலோ ஐஸ் என்ற கணக்கு. உயிர்ப்பொருள் இருக்கிறது என்பதற்கு 3373 என்று இன்னொரு சாய்சதுரம். அனுப்புகிறவர், வாங்குகிறவர் இருவருடைய முழு முகவரியும் போன் நம்பரும். லேபிள் மூலையில் மடங்கக்கூடாது. அதன்மேல் டேப், கயிறு, கறை எதுவும் படக்கூடாது. பழைய பெட்டியாக இருந்தால் பழைய எழுத்து ஒன்றுகூடத் தெரியக்கூடாது. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால்கூட அவ்வளவு சண்டை வராது. லேபிள் ஒரு நூல் கோணியிருந்தால் பெட்டியைப் பிரித்து முதலிலிருந்து கட்டுவான். "லேபிள் தங்கையன்" என்று நாங்கள் வைத்த பெயர் அவனுக்கும் தெரியும். தெரிந்தே அதட்டுவான்.

எனக்கு அவன் போட்ட விதி ஒன்றுதான். பெட்டி வேனில் இருக்கும்வரை ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அந்தப் புகை மூடிய வண்டிக்குள் நிறைந்தால் ஆளை அசத்திவிடும் என்பான். நான் நம்பவில்லை. ஒரு சித்திரை மாதம் வல்லம் தாண்டியதும் ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டேன். செங்கிப்பட்டி வருவதற்குள் தலை கனத்து, மூச்சு முட்டி, வண்டியை ஓரங்கட்டினேன். திரும்பி வந்து அவனிடம் சொன்னது என் முட்டாள்தனம். ஒரு வாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன பாய், இன்னம் உசுரோட இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு வெயிலானாலும் மழையானாலும் நான் ஜன்னலை ஏற்றியதில்லை.

அவன் ஊர் திருப்பனந்தாளுக்குக் கிழக்கே, மண்ணியாற்றுக் கரையில். அப்பா மருதையன் கூலிக்கு நடவு வேலைக்குப் போனவர். பிறகு துரைராசு என்கிற நிலக்காரரின் குடும்பத்திடம் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு வாங்கிச் சாகுபடி செய்தார். கழக ஆட்சி வந்து குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டபோது, ஊரில் மற்றவர்கள் தயங்கிக்கொண்டிருக்க, மருதையன் முதல் ஆளாகப் போய்த் தாசில்தார் ஆபீஸில் தன் பெயரைப் பதிந்துவிட்டார். துரைராசு அதை மறக்கவே இல்லை. ஒரு வருடம் மருதையனின் நாற்றங்காலில் மாடுகள் இறங்கி மேய்ந்திருந்தன. யாருடைய மாடுகள் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சாட்சி சொல்லவில்லை. நிலத்தைத் திரும்பக் கேட்டுத் துரைராசு போட்ட வழக்கு வருவாய் நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தாவாக இருபது வருடத்துக்கு மேல் நடந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டார் வரப்பில் வந்தால் அடுத்த வீட்டார் வாய்க்காலில் இறங்கி நடப்பார்கள்.

மருதையன் கறுப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படம் கிடையாது, திருநீறு கிடையாது. மகனும் அப்படியே வளர்ந்தான். ஆயுத பூஜைக்கு லேப்பில் எல்லா இயந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு வைக்கும்போது, "பொட்டு வச்சா இன்னும் வேகமாச் சுத்துமா" என்று கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவான். நான் தொழுகைக்குப் போகிற வெள்ளிக்கிழமை மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டான். எனக்காக டிஃபன் கேரியரை மூடி வைப்பான்.

இரண்டாயிரத்து எட்டாம் வருடம் துரைராசுவின் ஒரே மகள் மங்களாம்பிகை தஞ்சாவூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். சீர்காழியில் சொந்த அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்த பெண். முதலில் ஒரு பையன் பிறந்து ஏழு மாதத்தில் போய்விட்டான். இப்போது இந்தப் பெண் குழந்தையும் அதே மாதிரி பால் குடிக்காமல், கண்ணைத் திறக்காமல் கிடந்தது. பெட்டி கட்டுவதோடு, எங்கள் லேப் சார்பில் அந்த வார்டுக்கு ரத்தம் எடுக்கப் போனதும் தங்கையன்தான். இத்தனை சின்னக் கையில் முதல் குத்திலேயே நரம்பைப் பிடிக்கக்கூடியவன் எங்களில் அவன் ஒருவன்தான். வேறு யாராவது வந்தால் மங்களாம்பிகை குழந்தையை விட மாட்டாள். "தங்கையன் அண்ணன் வரட்டும்" என்பாள். ஊரில் அவனோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள், இங்கே அண்ணன் ஆகிவிட்டான்.

துரைராசுவும் மாறிக்கொண்டு வந்தார். முதல் நாள் அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பியவர், பத்தாம் நாள் வராண்டாவில் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"தம்பி, உங்கப்பன்கிட்ட சொல்லு. கேஸ இழுத்துக்கிட்டே இருந்து ரெண்டு பேருக்கும் என்னாத்த ஆவப் போவுது. உக்காந்து பேசி முடிச்சிக்கலாம்னு."

தங்கையன் அன்று சாயங்காலம் அதை என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் அதற்கு முன்னும் பின்னும் அதைப் பார்த்ததில்லை.

குழந்தை பிழைக்கவில்லை. அது போன ஒரு மணி நேரத்துக்குள், பெற்றவர்களின் சம்மதத்தோடு, டாக்டர் ஈரலிலிருந்து அரிசி அளவு ஒரு துண்டு எடுத்தார். இந்த நோய் ரத்தத்திலேயே வருவது, இன்னது என்று பெயர் தெரிந்துவிட்டால் அடுத்த குழந்தை வயிற்றில் இருக்கும்போதே சோதித்துப் பார்த்துவிடலாம், தெரியாவிட்டால் மூன்றாவதும் இப்படியே போகலாம் என்று மங்களாம்பிகையிடம் சொன்னார். பெங்களூரில் ஒரே ஒரு இடத்தில்தான் அந்தச் சோதனை. அவர்கள் நாள் கொடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை அந்தத் துண்டு எங்கள் லேப் ஃப்ரீசரில் இருந்தது. மங்களாம்பிகை தினமும் போன் செய்து, "அண்ணே, கரண்ட் இருக்கா" என்று கேட்பாள்.

ஐப்பசி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை அனுப்புவதென்று முடிவாயிற்று. தங்கையன் முந்தின நாளே பெட்டியைத் தேர்ந்தெடுத்து, லேபிள் ஒட்டி, அளவுகோல் வைத்துப் பார்த்தான். காலையில் நாலு கிலோ ஐஸ் நிறுத்துப் போட்டு, 4 என்று தடிமனாக எழுதினான். நாலு கிலோ ஒன்றரை நாள் தாங்கும், இழுத்துப் பிடித்தால் இரண்டு நாள். அன்று மாலையே பெங்களூரில் இறங்கிவிடும். நான் வண்டியை வாசலில் நிறுத்தினேன். அப்போது துரைராசுவும் மங்களாம்பிகையும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

அவள் கையில் ஒரு இலைப் பொட்டலம் இருந்தது. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் வந்திருக்கிறாள். சந்தனமும் குங்குமமும்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா" என்றாள். "என் பொண்ணு ஒடம்புல மிச்சம் இருக்குறது இதுதான். முதல் தடவயா வெளியூரு போவுது. நான் ஒரு பொட்டு வச்சு அனுப்பிக்கிறேன்."

பெட்டியின் மேல் விரல் படக்கூடாது என்று சத்தம் போடுகிறவன், பொட்டைப் பார்த்தாலே டீக்கடைக்குப் போகிறவன், இவன் என்ன சொல்லப்போகிறானோ என்று பார்த்தோம். தங்கையன் லேபிள் ஒட்டிய பக்கத்தைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"மேல் மூடியில வைங்கம்மா" என்றான். "இந்தப் பக்கம் மட்டும் வேணாம்."

அவள் மூடியின் நடுவில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தி வைத்தாள். ஒரு பொட்டோடு நிறுத்தவில்லை, மூன்று வைத்தாள். வைத்துவிட்டு மூடியை ஒரு தடவை தடவினாள். துரைராசு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தங்கையன் நினைத்திருந்தால் பெட்டியைக் கொடுத்தனுப்பும்முன் அதை வழித்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டிருக்கலாம். ஆனால் அவள் வண்டிப் பக்கத்திலேயே நின்றாள். அவன் என்னைப் பார்த்து, "பாத்துப் போங்க பாய்" என்று மட்டும் சொன்னான்.

வல்லம் வரை தூறல். அதற்கப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல்களைத் திறந்துதான் வைத்திருந்தேன், விதியை மீறவில்லை. சாரல் உள்ளே அடித்தது. துவாக்குடியில் டீ குடிக்க நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது பெட்டியின் மூடி நனைந்திருந்தது. குங்குமம் கரைந்து, ஒரு சிவப்புக் கோடு விளிம்பைத் தாண்டி லேபிள் பக்கமாக இறங்கத் தொடங்கியிருந்தது.

ஸ்டீயரிங் துடைக்கிற துணியைக் கையில் எடுத்தேன். நிஜமாகவே எடுத்தேன். அப்புறம் கை நின்றுவிட்டது. ஒரு தாய் செத்துப்போன தன் பிள்ளைக்கு வைத்த பொட்டு. கோயில் குங்குமம். அதை அழுக்குத் துணியால் அழிக்க நான் யார், அதுவும் ஒரு துலுக்கன். நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் பாதி மரியாதை, பாதி பயம். துணியை மடித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திருச்சியில் சரக்கு வாங்குகிற ஏஜென்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கவுண்டரில் இருந்தவர் பெட்டியைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். உயிர்ப்பொருள் என்று லேபிள் சொல்கிறது. அதன்மேல் சிவப்பாக வழிந்து, எடை எழுதிய இடமே தெரியவில்லை.

"பெட்டி ஒழுகுது" என்றார்.

"குங்குமம் சார். மழையில நனைஞ்சிருச்சு."

"ரத்தப் பெட்டி மேல எவன்யா குங்குமம் வைப்பான்?"

நான் எவ்வளவோ சொன்னேன். விரலில் தொட்டு என் உள்ளங்கையில் பூசிக் காட்டினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது, என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் விதிமுறை இருக்கிறது. ஒழுகுகிற பெட்டியை விமானத்தில் ஏற்றவும் முடியாது, கொண்டு வந்தவனிடம் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. தனியாக ஒதுக்கி வைத்து, சுகாதார அதிகாரி வந்து பார்த்த பிறகுதான் யாரும் தொடலாம். அந்த அதிகாரி மழை வெள்ள வேலையாக எங்கோ போயிருந்தார்.

போன் செய்த இரண்டு மணி நேரத்தில் தங்கையன் வந்து நின்றான். வரும் வழியில் அந்த ட்ரை ஐஸ் கம்பெனியில் ஐந்து கிலோ வாங்கி ஒரு தெர்மோகோல் டப்பாவில் கொண்டு வந்திருந்தான். உள்ளே இருப்பது கல்லாக உறைந்தது, அது ஒழுகவே முடியாது, நீங்கள் தொட வேண்டாம், நானே மூடியைத் திறந்து ஐஸை மட்டும் போட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினான். எவரிடமும் அவன் கெஞ்சி நான் பார்த்ததில்லை. யாரும் விடவில்லை. கம்பிக் கதவுக்கு அப்பால் ஒரு மூலையில் பெட்டி இருந்தது, இவன் இப்பால் ஐஸ் டப்பாவோடு நின்றான். புதன்கிழமை நின்றான். வியாழக்கிழமையும் நின்றான். அவன் கையிலிருந்த ஐஸ் புகைந்து தீர்ந்ததும் மறுபடி போய் ஐந்து கிலோ வாங்கி வந்தான். அதுவும் அவன் கையிலேயே தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அதிகாரி வந்தார். ஒரு குச்சியால் சிவப்பைச் சுரண்டி, தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டு, "குங்குமம்தான்யா, எடுத்துட்டுப் போங்க" என்றார். இரண்டு நிமிட வேலை. தங்கையன் அங்கேயே பெட்டியைத் திறந்தான். ஐஸ் ஒரு பொடிகூட இல்லை. குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். அந்தத் துண்டு இளகி, குப்பியின் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. இனி அதில் சோதிக்க ஒன்றும் இல்லை. மறுபடி எடுக்கக் குழந்தையும் இல்லை.

திரும்பும்போது செங்கிப்பட்டி வந்ததும், நான் தாங்க முடியாமல் துணி விஷயத்தைச் சொன்னேன்.

"தொடச்சிருக்கலாம் தங்கையா. கையில எடுத்துட்டு வச்சிட்டேன்."

"நானா இருந்தாலும் தொடச்சிருக்க மாட்டேன் பாய்" என்றான். அப்புறம் சொன்னான்: "ஐஸ் எடைய நான் தப்பா எழுதிட்டேன், அதனால ரெண்டு நாள் நிறுத்தி வச்சுத் திருப்பிட்டாங்கன்னு சொல்லப் போறேன்."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"அந்தப் பொண்ணு வச்ச பொட்டாலதான் கெட்டுப்போச்சுன்னு அதுகிட்ட எப்படி பாய் சொல்றது? ரெண்டு புள்ளய தூக்கிக் குடுத்துட்டு நிக்குது. சாவுற வரைக்கும் தன்னாலதான்னு நெனைச்சுக்கிட்டே இருக்கும். வைங்கன்னு சொன்னது நான்தானே. எம்மேலயே இருக்கட்டும். நீங்களும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

தங்கையன் இந்த ஒன்றில் தப்புக் கணக்குப் போட்டுவிட்டான். ஒரு சாதாரண ஆள் எடையைத் தப்பாக எழுதினான் என்றால் ஜனங்கள் திட்டிவிட்டு விட்டுவிடுவார்கள். இவன் லேபிள் தங்கையன். மறுநாள் லேப் வராண்டாவில் அவன் சொல்லி முடித்ததும் துரைராசு அவன் முன்னால் வந்து நின்றார்.

"பத்து வருஷமா எழுதுறே. ஒத்தப் பெட்டி திரும்பினது கிடையாதுன்னு டாக்டரே சொன்னாரு. எங்க பெட்டிக்கு மட்டும் எழுத வரலியா உனக்கு?"

தங்கையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நிலத்துக்குப் பழி தீத்துக்கிட்டடா. மருதையன் மவன் கையில குடுத்தேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

மங்களாம்பிகை அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். "அண்ணே, அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். அவன் நிமிர்ந்து பார்க்காமல், "தப்பு நடந்து போச்சும்மா" என்றான். நான் நாலடி தள்ளித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். கொடுத்த வாக்கு என்று கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரித்துச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. பெட்டி கட்டுகிற வேலையை முதலாளி அவனிடமிருந்து எடுத்து வேறொருவனுக்குக் கொடுத்தார். அவனை ரத்தம் எடுக்கிற கவுண்டரில் உட்கார வைத்தார்கள். புது ஆள் லேபிளை மூலையில் மடித்து ஒட்டுவான், தங்கையன் பார்த்துக்கொண்டே ஒன்றும் சொல்லாமல் போவான். அவன் திட்டாதது எங்களுக்குப் பழகவே இல்லை. ஊரில் சமாதானப் பேச்சு நின்றது. வழக்கு இன்னும் மூன்று வருடம் நடந்து துரைராசு பக்கம் தீர்ப்பானது. நிலத்தை விட்டு இறங்கிய அடுத்த தை மாதம் மருதையன் செத்துப்போனார். மகன் கவனக்குறைவால் நிலம் போயிற்று என்றே அவர் கடைசிவரை நினைத்தார். தன் மனைவி செவ்வந்தியிடம்கூடத் தங்கையன் உண்மையைச் சொல்லவில்லை. "ஒரு நம்பர ஒழுங்கா எழுதியிருந்தா" என்று அவள் என்னிடமே பல தடவை புலம்பியிருக்கிறாள்.

துரைராசு இறந்து சில வருடம் கழித்து, இரண்டாயிரத்து இருபத்தொன்றில், தங்கையன் மாரடைப்பில் போனான். வயது ஐம்பத்தாறு. நான் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. செய்தி கேட்டுப் பஸ் பிடித்து அவன் ஊருக்குப் போனேன். பந்தலில் உட்கார்ந்திருந்தபோது தெருமுனையில் பேச்சு அடங்கியது. மங்களாம்பிகை தனியாக நடந்து வந்தாள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் அந்தத் தெருவுக்குள் துக்கம் கேட்க வந்தது அதுதான் முதல் தடவை. மாலையை வைத்துவிட்டு, சுற்றிலும் பார்த்து, என் பக்கத்து நாற்காலிக்கு வந்தாள்.

"பாய், நீங்கதானே அன்னைக்கி வண்டி ஓட்டுனது?"

"ஆமாம்மா."

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவர் வேணும்னு செஞ்சாரா?"

என்னிடம் சத்தியம் வாங்கியவன் பத்தடி தூரத்தில் கிடந்தான். இனி அவனைப் பழி சுமக்க விட எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சாரல், குங்குமம், நான் எடுத்து வைத்த துணி, கம்பிக் கதவுக்கு இப்பால் அவன் நின்ற இரண்டு நாள், செங்கிப்பட்டியில் அவன் சொன்னது. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்க மனசு நோகக்கூடாதுன்னுதாம்மா அவன் சொல்லல" என்றேன்.

"அடுத்த மாசமே டாக்டர் கூப்பிட்டு அனுப்பினாரு பாய்" என்றாள். குரல் உயரவில்லை. "புள்ளையோடது போனா போவட்டும், நீங்க புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு ரத்தத்த அனுப்பிப் பாப்போம், முழுசாத் தெரியாட்டியும் பாதி தெரியும்னாரு. அப்பா ஒத்துக்கல. மருதையன் மவன் இருக்குற எடத்துல எம்பொண்ணு சொட்டு ரத்தம் குடுக்க மாட்டான்னாரு. நாமளே பெங்களூருக்குப் போவோம்னேன். கூட இருந்தவனே இப்படிச் செஞ்சான், அங்க இருக்குறவன் என்ன செய்வானோன்னாரு. எங்க மாமியாரும் அதையே புடிச்சிக்கிட்டாங்க. சோதனைன்னு பேச்செடுத்தாலே வீட்டுல சண்டை. அப்புறம் நான் விட்டுட்டேன். மூணாவதா ஒண்ணு பெத்து அதையும் குடுக்க எனக்குத் துணிச்சல் வரல. இப்ப நாப்பத்திரெண்டு ஆவுது."

அவள் தங்கையனைக் கிடத்தியிருந்த பக்கம் பார்த்தாள்.

"பொட்டுதான்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அழுதிருப்பேன். ஒரு வாரம் அழுதிருப்பேன். அழுதுட்டு வந்து அவர்கிட்டயே கைய நீட்டியிருப்பேன் பாய்."

டாக்டர் ரத்தம் கேட்டதோ, இவர்கள் கொடுக்க மறுத்ததோ எங்கள் லேப்புக்குத் தெரியவே தெரியாது. தெரிந்திருந்தால் தங்கையன் சீர்காழிக்கு ஓடியிருப்பான், அது எனக்கு நிச்சயம். அவள் எழுந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, உள்ளே போய்ச் செவ்வந்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதின்மூன்று வருடம் ஒரு வாக்கைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அந்த வாக்கில் ஒரு பிள்ளை பிறக்காமல் போயிருக்கிறது.